ஆழ்கடலில் ஒரு பெயர்சூட்டல்

நுழையும்முன்

நிலத்து உயிர்களுக்கு நம் முன்னோர் பெயரிட்டனர். கரையோரக் கடலின் உயிர்களுக்குப் பரதவர் பெயரிட்டனர். எவர் கண்ணும் எட்டாத ஆழத்தில் வாழும் உயிருக்கு யார் பெயரிடுவது? எந்த நெறிப்படி இடுவது? இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஆழ்கடற் சிற்றுயிர் ஒன்று 2020 ஆம் ஆண்டில் பெயர்பெற்ற வரலாற்றைக் கொண்டு இப்பாடம் அவ்வினாக்களை ஆராய்கிறது. பொருள் அறிவியலுக்கு உரியதுதான். ஆயினும் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்லும் மொழித்திறன் இதன் உயிர்நாடி. எனவே தமிழ்ப் பாடநூலிலும் இதற்கு இடமுண்டு.

பாதாளம் என்னும் பகுதி

கடலில் ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே உயிர்கள் வாழ இயலாது என்று 1840களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானிய இயற்கையியலாளர் கருதினார். ஒளி இல்லை, பயிர் இல்லை, குளிர் மிகுதி, நீரின் அழுத்தமோ அளவற்றது; அங்கே என்ன வாழும் என்பது அன்றைய அறிஞர் பலருக்கும் நியாயமான ஐயமாகவே இருந்தது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ என்னும் ஆய்வுக் கப்பல் அக்கருத்தைத் தகர்த்தது. 1875 இல் அக்கப்பலினர் மேற்குப் பசிபிக்கில் கயிறு இறக்கி அளந்தபோது, 8,000 மீட்டரைத் தாண்டியே தரை தட்டியது. இன்று மரியானா அகழி என்று நாம் அறிவது அவ்விடத்தையே. அதன் மிகுதியான ஆழம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். எவரெஸ்ட் சிகரத்தை அதனுள் இறக்கினாலும் உச்சி நீருக்குள்ளேயே நிற்கும்.

ஆறாயிரம் மீட்டருக்குக் கீழுள்ள கடற்பகுதியைக் கிரேக்கத் தொன்மத்தின் கீழுலகத் தலைவனாகிய ஹேடிஸின் பெயரால் ‘ஹேடல்’ பகுதி என்பர். நாம் பாதாளம் என்று சொல்லிக்கொள்ளலாம், பொருள் வழுவாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 6,500 மீட்டர் ஆழத்தில், விரல் நகத்தளவு பரப்பின்மீது அறுநூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை அழுத்துகிறது. கதிரவன் ஒளி முதல் 1,000 மீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே பகல் என்பதே இல்லை.

கூனல் முதுகுத் துப்புரவாளர்

இந்த இருளில் நிறைந்து வாழும் உயிர்களுள் ஆம்ஃபிபாடுகள் குறிப்பிடத்தக்கவை. இறால், நண்டு முதலியவற்றை உள்ளடக்கிய ஓடுடைய கணுக்காலிகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. முதற்பார்வைக்கு இறாலாகவே தோன்றும். உற்று நோக்கினால் வேறுபாடு புலப்படும். இறாலுக்குத் தலையையும் மார்பையும் ஒருசேர மூடும் ஓடு உண்டு, இவற்றுக்கு இல்லை. இறாலின் கண் காம்பின் நுனியில் இருக்கும். இவற்றின் கண் தலையோடு ஒட்டியிருக்கும். உடல் இரு பக்கமும் அமுக்கினாற்போல் தட்டையாய், முதுகு வளைந்து காணப்படும். ஏழு இணைக் கால்களுள் முதல் இரண்டு இணைகள் இரையைப் பற்றும் கைகளாகப் பயன்படுகின்றன. எஞ்சியவற்றுள் சில ஒரு திசை நோக்கியும் சில எதிர்த்திசை நோக்கியும் அமைந்துள்ளன. ‘இருவகைக் கால்’ எனப் பொருள்படும் ஆம்ஃபிபாட் என்னும் பெயர் இதனால் வந்தது.

தாய் தன் வயிற்றடியில் உள்ள பையில் முட்டைகளைச் சுமக்கிறது. குஞ்சுகள் அப்பையிலிருந்து தாயின் சிற்றுருவாகவே வெளிவருகின்றன. நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு பரவும் இளவுயிர்ப் பருவம் இவற்றுக்கு இல்லை. இது சிறு செய்திபோலத் தோன்றலாம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

இவற்றுள் யூரிதெனிஸ் என்னும் பேரினம் பிணந்தின்னும் வகையைச் சேர்ந்தது. மேற்கடலில் இறந்த மீனோ திமிங்கலமோ அடித்தரையில் வந்து விழும்போது, அதன் வாடையை உணர்கொம்புகளால் அறிந்து இவை விரைந்து வந்து மொய்க்கும். அடுத்த உணவு எப்போது கிட்டும் என்பது தெரியாத வாழ்க்கையாதலால், கிட்டியபோது வயிறு புடைக்க உண்ணும். நண்டை நான்கறிவுடைய உயிர்களின் வரிசையில் வைத்தது தொல்காப்பிய மரபியல். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல் என்னும் அந்நான்கனுள், அகழியின் இருளில் முகர்தலே தலைமை பெறுகிறது எனலாம்.

பொறியில் சிக்கிய வெண்ணுயிர்

இத்தகைய உயிரை எப்படி மேலே கொணர்வது? கப்பலிலிருந்து வலை இறக்கி இழுப்பது ஒரு வழி. ஆனால் ஏழு கிலோமீட்டர் ஆழத்திற்கு அதைவிட நீளமான கம்பிவடம் வேண்டும். அகழியின் பாறைச்சரிவில் வலை சிக்கிக் கிழியும். அதனால் ஆய்வாளர் எளிமையான ஒரு கருவியைக் கையாள்கின்றனர். உலோகச் சட்டம் ஒன்றில் மிதவைகளையும் எடைக்கற்களையும் கட்டி, மீன்துண்டுகள் இட்ட பொறிகளை அதில் இணைத்து, கடலில் விட்டுவிடுவர். கயிறு எதுவுமில்லை. தானாக அமிழ்ந்து பல மணி நேரம் தரையில் கிடக்கும். பின்னர்க் கப்பலிலிருந்து ஒலிச் சைகை அனுப்பினால் எடைக்கற்கள் கழன்று விழும். மிதவைகள் சட்டத்தைப் பொறிகளோடு மேலே கொண்டுவரும். பொறியின் வாய் புனல்போல் உள்நோக்கிக் குவிந்திருக்கும். நம் ஊர் வாய்க்காலில் வைக்கும் மீன்கூட்டின் நுட்பமும் இதுதான்.

2014 ஆம் ஆண்டு மரியானா அகழியில் 6,010 மீட்டருக்கும் 6,949 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழங்களில் இவ்வாறு இரையிட்ட பொறிகளில் யூரிதெனிஸ் உயிர்கள் சில கிடைத்தன. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளம். நம் சுண்டுவிரல் அளவு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஹன்னா வெஸ்டன், ஆலன் ஜேமிசன் முதலிய ஐவர் அவற்றை ஆராய்ந்தனர்.

ஒன்றா, பலவா?

பிடித்த உயிர் புதியதா, முன்னரே பெயர் பெற்றதா என்பதே முதல் வினா. இதற்கு விடை காண, பழைய பெயர் ஒன்றின் வரலாற்றை அறிய வேண்டும். யூரிதெனிஸ் கிரில்லஸ் என்னும் சிற்றினம் 1822 இல் விவரிக்கப்பட்டது. கிரில்லஸ் என்பது இலத்தீனில் சிள்வண்டைக் குறிக்கும். அதன்பின் ஏறக்குறைய எல்லாக் கடல்களிலும், துருவக் கடலின் மேல்நீர் தொடங்கி அகழிகள்வரை, அதைப்போன்ற உயிர்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் கிரில்லஸ் என்றே எழுதி வைத்தனர். உலகெங்கும் பரவிய ஒரே சிற்றினம் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது.

2013 இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டது. ஒரே பெயருக்குள் ஒன்பது தனித்தனிச் சிற்றினங்கள் மறைந்திருக்கக்கூடும் என்பது தெரியவந்தது. ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தை எல்லையாகக் கொண்டு, மேல்வாழ்வனவும் கீழ்வாழ்வனவும் பிரிந்து நின்றன. மேலே நாம் விட்டுவைத்த செய்தியை இங்கே நினைவுகூர்க. தாயின் பையிலிருந்து வெளிவந்து அங்கேயே வளரும் உயிர், நீரோட்டத்தில் மிதந்து பரவும் உயிரைப்போலத் தொலைவில் உள்ள தன்னினத்தோடு எளிதில் கலப்பதில்லை. பிரிந்து நின்ற கூட்டங்கள் காலப்போக்கில் தனியினங்களாகின்றன. ஆனால் ஒரே வகையான இருளிலும் குளிரிலும் வாழ்வதால் தோற்றத்தில் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது உண்மையில் பலவாக இருக்கிறது. ‘கிரில்லஸ்’ என்று எழுதப்பட்ட பழைய குறிப்புகள் பலவும் இப்போது ஐயத்துக்கு உரியனவாகிவிட்டன. பெயர் பிழைத்தால், அப்பெயரின்கீழ் எழுதிய வாழ்விடம், உணவு, இனப்பெருக்கம் பற்றிய செய்திகளும் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

மரியானா உயிரை ஆராய்ந்தோர் அதன் இரண்டு மரபணுப் பகுதிகளைப் படித்து, முன்னறிந்த உறவினங்களோடு ஒப்பிட்டனர். அது தனிக் கிளையாகப் பிரிந்து நின்றது. அப்பேரினத்தில் விவரிக்கப்பட்ட ஒன்பதாம் சிற்றினம் அது.

முள்ளை எண்ணும் மொழி

மரபணு வேறுபட்டால் மட்டும் போதாது. உடலில் வேறுபாடு எங்கே உள்ளது என்பதைச் சொல்லால் காட்ட வேண்டும். இவ்வேலையே ‘விவரித்தல்’ எனப்படும். இதில்தான் மாதங்கள் கழிகின்றன. நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசிகளால் தாடை, உணர்கொம்பு, பற்றுக்கால், வால்நுனி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பர். ஒவ்வோர் உறுப்பையும் வரைவர். ஒளிப்படம் எடுத்தால் போதாதா என்று மாணவர் கேட்கலாம். வளைந்த உறுப்பின் ஒரு தளம் மட்டுமே படத்தில் தெளிவாக விழும். மேலும் எது முக்கியம் என்று படக்கருவிக்குத் தெரியாது. வரைபவர் தேவையான விளிம்பையும் முள்ளையும் காட்டி, தேவையற்ற அழுக்கையும் நிழலையும் விட்டுவிடுகிறார். வரைதல் என்பது இங்கே ஒருவகைத் திறனாய்வு.

பிறகு எழுத்து. விவரிப்பின் நடை தனித்தன்மையானது. ‘மூன்றாம் கணு அகலத்தைவிட நீளமானது, பின்விளிம்பு வளைந்தது, நுனியில் முட்கள் இரண்டு’ என்பதுபோலச் செல்லும். வினைமுற்றுகள் அரிது. உவமை கிடையாது. ‘அழகிய’, ‘வியத்தகு’ போன்ற அடைகளுக்கு இடமே இல்லை. வறண்ட நடை என்று ஒதுக்கிவிட வேண்டா. நூறாண்டு கழித்து வேறொரு நாட்டில், வேறொருவர் கையில் ஓர் உயிரை வைத்துக்கொண்டு ‘அதுவா இது?’ என்று கேட்கும்போது விடைதரவே இந்நடை. இதில் ஒரு சொல் குறைந்தால் ஓர் உயிர் மற்றொன்றாகிவிடும். நன்னூலார் நூற்குக் கூறிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் முதலில் நிற்பவை. அவ்விரண்டையும் ஒருசேரக் காண விரும்புவோர் இத்தகைய விவரிப்பு ஒன்றைப் படிக்கலாம்.

விவரிப்புக்கு ஆதாரமான ஒரே ஓர் உடலை ‘மூல மாதிரி’ என்று குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பர். பெயர் அவ்வுடலோடு கட்டப்படுகிறது. பிற்காலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால் தீர்ப்புக்குச் செல்ல வேண்டிய இடம் அந்தக் கண்ணாடிப் புட்டியே. விலங்குகளின் அறிவியற்பெயர்கள் கார்ல் லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டவை. பேரினப்பெயர், சிற்றினப்பெயர் என இருசொல் சேர்ந்தது ஒரு பெயர். ஒரே உயிருக்கு இருவர் பெயரிட்டால் பொதுவாக முன்னதே நிற்கும். முறையாக வெளியிட்ட பெயரைப் பொருத்தமில்லை என்றோ பிடிக்கவில்லை என்றோ பின்னர் மாற்றவியலாது. இட்டவரே விரும்பினாலும் மாற்றவியலாது.

தெரிந்து தெளிவோம்

தென் அமெரிக்காவின் மேற்கே உள்ள அடகாமா அகழியில் 7,902 மீட்டர் ஆழத்தில் 2023 இல் பிடிக்கப்பட்ட ஆம்ஃபிபாட் ஒன்று, 2024 இல் டல்சிபெல்லா கமன்சாகா எனப் பெயர்பெற்றது. ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள இவ்வெண்ணிற உயிர், பிணந்தின்னும் உறவினங்களைப் போலன்றி, பிற சிற்றுயிர்களைப் பற்றிப் பிடித்து உண்ணும் வேட்டையுயிர். இதற்கெனப் புதிய பேரினமே வகுக்க வேண்டியதாயிற்று. ‘கமன்சாகா’ என்பது ஆண்டிஸ் மலைப்பகுதி மக்களின் மொழிகளில் இருளைக் குறிக்கும் சொல்.

குடலில் ஓர் இழை

மரியானா உயிருக்கு வருவோம். அவ்வுயிர்களுள் ஒன்றின் பின்குடலில் நுண்ணிழை ஒன்று இருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, எவ்வலைநீளங்களை அது உட்கொள்கிறது என்று பார்த்தனர். பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்டை அது 83.74 விழுக்காடு ஒத்திருந்தது. ‘83.74 விழுக்காடு ஒத்தது’ என்றுதான் அவர்கள் எழுதினர். அளந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. குடிநீர்ப் புட்டிகளும் பாலியெஸ்டர்த் துணிகளும் செய்யப்படுவது அப்பொருளாலேயே.

ஓர் உயிரின் குடலில் ஓர் இழை. இது தற்செயலாக இருக்கக்கூடாதா? இக்கேள்வி நியாயமானது. விடை 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வில் உண்டு. பசிபிக்கைச் சூழ்ந்த ஆறு அகழிகளிலிருந்து எடுத்த 90 ஆம்ஃபிபாடுகளின் குடலை ஆராய்ந்ததில், 65 உயிர்களில் குறைந்தது ஒரு நுண்துகளாவது இருந்தது. அவ்வாறு ஆராயப்பட்டவற்றுள் 10,890 மீட்டர் ஆழத்தில் வாழ்ந்தனவும் உண்டு. செயற்கை நூலாடையைத் துவைக்கும்போது உதிரும் இழை சாக்கடை வழியே ஆற்றையும் ஆற்றின் வழியே கடலையும் அடைகிறது. மேற்கடலில் இறக்கும் நுண்ணுயிர்களின் எச்சங்களோடும் கழிவோடும் ஒட்டிக்கொண்டு பனித்தூறல்போல் மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. அகழி புனல்போன்ற பள்ளம். வந்ததை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. அங்கே கிடைத்ததையெல்லாம் உண்டு பழகிய துப்புரவாளருக்கு இரையோடு கலந்த இழையைப் பிரித்தொதுக்கத் தெரியாது.

இடுகுறியா, காரணமா?

2020 மார்ச்சில் ‘ஜூடாக்ஸா’ என்னும் ஆய்விதழில் விவரிப்பு வெளியாயிற்று. சூட்டிய பெயர் யூரிதெனிஸ் பிளாஸ்டிகஸ்.

பெயர்கள் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் எனக் கற்றிருக்கிறோம். மரம் என்பதற்குக் காரணம் கூற இயலாது, அது இடுகுறி. பறப்பதால் பறவை, அது காரணம். நம் கடற்கரை மக்கள் ஓட்டின்மேல் மூன்று புள்ளிகள் உடையதை முக்கண்ணன் நண்டு என்றும், சிலுவைபோன்ற குறி உடையதைச் சிலுவை நண்டு என்றும் அழைப்பது காரணம் பற்றியே. அப்படியானால் பிளாஸ்டிகஸ் எவ்வகை? காரணம் வெளிப்படை. ஆயினும் அக்காரணம் அவ்வுயிரின் கண்ணிலோ காலிலோ ஓட்டிலோ இல்லை. அது வாழும் இடத்திலும் இல்லை. ஆறாயிரம் மீட்டருக்கு மேலே, அவ்வுயிரை ஒருநாளும் காணாத மனிதரின் செயலில் இருக்கிறது. தன் இயல்பால் அமையாத காரணத்தைப் பெயராகச் சுமக்கும் இதனை எவ்வகையில் அடக்குவது என்று வகுப்பில் வாதிடுதல் தகும்.

ஒரு தெளிவு இங்கே வேண்டும். பிளாஸ்டிகஸ் என்பதால் அது பிளாஸ்டிக்கை விரும்பி உண்பது என்று கொள்ளலாகாது. அதைப் பிற சிற்றினங்களிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளங்களுள் அவ்விழைக்கு இடமில்லை. அடையாளங்கள் அதன் உறுப்புகளின் வடிவிலும் மரபணுவிலும் உள்ளன. அதே விவரிப்பு வேறு பெயரோடு வந்திருந்தாலும் உயிர் அதுவாகவே இருந்திருக்கும். பெயரை விளம்பரம் என்று குறை கூறுவோரும் இருக்கலாம். எனினும் விவரிப்பின் வறண்ட மொழியில் ஆசிரியருக்குத் தம் கருத்தைச் சொல்ல வாய்க்கும் ஒரே இடம் பெயர்தான். அவ்விடத்தை அவர்கள் வீணாக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். பெயரில்லாமல் அவ்வினம் வாழ்ந்த நெடுங்காலத்தில் ஒருநாள் மனிதரின் இழை அதைச் சென்றடைந்தது. மனிதர் தந்த பெயர் அதன்பின்னரே சென்றது.

பெயர் காத்திருப்போர்

ஒரு புதிய சிற்றினம் முதன்முதலில் பிடிக்கப்பட்டு அருங்காட்சியகத்தை அடைவதற்கும் அது விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிளாஸ்டிகஸ் ஆறே ஆண்டுகளில் பெயர்பெற்றது நற்பேறு. மற்றவை புட்டிகளில் காத்திருக்கின்றன. விவரிக்கக் கற்ற கைகள் குறைவு என்பதே தலையாய காரணம்.

இக்காத்திருப்பு இப்போது அவசரமாகியுள்ளது. ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட பசிபிக் கடற்றரையில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் அடங்கிய உலோக உருண்டைகள் உருளைக்கிழங்குகளைப்போல் இறைந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுக்கப் பல நாடுகள் முனைந்துள்ளன. அப்பகுதியில் அறியப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்கினங்களுள் பத்தில் ஒன்பது பங்கு இன்னும் பெயரில்லாதவை என்று 2023 இல் கணக்கிடப்பட்டது. இந்தியாவுக்கும் மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இத்தகைய உருண்டைகளை ஆராயும் உரிமை உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூவரைச் சுமந்து 6,000 மீட்டர் ஆழம்வரை செல்லத்தக்க ‘மத்ஸ்யா 6000’ என்னும் நீர்மூழ்கியை உருவாக்கிவருகிறது.

தோண்டுமுன் அங்கு வாழும் உயிர்களின் பட்டியல் வேண்டும். பெயர்பெற்ற உயிராயின் அது வேறெங்கும் உள்ளதா, அவ்விடத்துக்கே உரியதா, எத்தனை ஆழத்தில் வாழ்வது என்று பழைய நூல்களைப் புரட்டிச் சொல்லலாம். பெயரில்லாத உயிர் அப்பட்டியலில் ‘இன்ன பேரினம், முதலாம் வகை’ என்ற ஒரு வரியாக நிற்கும். ஒரு கப்பலின் பட்டியலில் முதலாம் வகை எனப்பட்டதும் மற்றொரு கப்பலின் பட்டியலில் நான்காம் வகை எனப்பட்டதும் ஒன்றேயா என்று கேட்டால், இரண்டு புட்டிகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, மீண்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, முட்களை எண்ணத் தொடங்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதியில் வழங்கும் இறால், நண்டு வகைகளின் பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் காரணப்பெயர்கள் எவை எனக் கண்டு காரணத்தையும் எழுதுக.

ஒரே மரத்தின் இரண்டு இலைகளை எடுத்துக்கொள்க. உவமையும் வியப்புச் சொல்லும் இன்றி ஒவ்வொன்றையும் ஐந்து தொடர்களில் விவரிக்க. உங்கள் விவரிப்பை மட்டும் படித்து, எது எந்த இலை என்று நண்பரால் பிரித்தறிய முடிகிறதா எனச் சோதித்துப் பார்க்க.